சோலுக்குப் போய் மின்விளையாட்டு பார்க்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சிங்கப்பூரிலிருந்து தென்கொரியாவின் மின்விளையாட்டு அரங்குகளுக்கு, அதாவது கணினி விளையாட்டுப் போட்டிகள் நடக்கும் அரங்குகளுக்கு, மூன்று முறை போய்வந்தவள் என்ற முறையில் சென்ற இதழில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில், பலருக்கும் பயன்படக்கூடிய கேள்விகளைத் தேர்ந்தெடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என் மகன் இந்த ஆண்டு சாதாரண நிலைத் தேர்வு எழுதுகிறான். தேர்வு முடிந்ததும் டிசம்பரில் சோலுக்குப் போய் ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ என்ற கணினி ஆட்டத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று நச்சரிக்கிறான். அதே ஆட்டத்தைத்தான் தினமும் இலவசமாகத் திரையில் பார்க்கிறானே, அரங்கிலும் திரையைத்தானே பார்க்கப் போகிறான்? இதற்காக அவ்வளவு செலவு செய்வது நியாயமா?
– ஒரு தாய், தெம்பனிஸ்

பதில்: அம்மா, உங்கள் தயக்கம் புரிகிறது. ஆட்டத்தின் நுட்பம் மட்டுமே வேண்டுமென்றால் உங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கும் திரையே போதும். சொல்லப்போனால் அதில்தான் தெளிவாகத் தெரியும். நேரில் போகிறவனுக்குக் கிடைப்பது வேறு.

சோலின் ஜோங்னோ வட்டாரத்தில், அலுவலகங்கள் நிறைந்த ஒரு கட்டடத்தின் மூன்றாம் தளத்தில், 2018ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ‘லோல் பார்க்’ என்ற அரங்கு இருக்கிறது. எல்சிகே எனப்படும் கொரிய லீக்கின் பெரும்பாலான ஆட்டங்கள் அங்கேதான் நடக்கின்றன. சில நூறு இருக்கைகளே கொண்ட சிறிய இடம்; மேடையைச் சுற்றி இருக்கைகள் எழும்பியிருப்பதால் எங்கே உட்கார்ந்தாலும் யாராவது ஒரு வீரரின் முகம் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். முதல் முறை என் அண்ணன் மகனோடு போனபோது நான் ஆட்டத்தைவிட ஓர் இளைஞரின் கைகளைத்தான் அதிகம் பார்த்தேன். ஆட்டம் தொடங்குவதற்கு முன் அவர் சூடுபை ஒன்றை இரு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்துக் கசக்கியபடியே இருந்தார். விரல்கள் விறைத்துவிடக் கூடாது என்பதற்காகக் கொரிய வீரர்கள் பலரும் அப்படிச் செய்வதுண்டு. முதல் ஆட்டத்தில் தோற்றதும் நாற்காலியை விட்டு எழாமல், அணைந்துபோன திரையைப் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் உட்கார்ந்திருந்தார். ஒளிபரப்பில் அந்த நேரத்தில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்திருக்கும். தோல்வியை ஒருவன் எப்படி உள்வாங்குகிறான், அடுத்த ஆட்டத்துக்கு எப்படித் தன்னைத் திரட்டிக்கொள்கிறான் என்பதைப் பதினாறு வயதில் ஒரு பிள்ளை பத்து மீட்டர் தூரத்திலிருந்து பார்ப்பது வீண்செலவு என்று நான் நினைக்கவில்லை.

இரண்டாவது, ஒலி. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். இத்தகைய ஆட்டங்களில் ஒரு வீரருக்குத் தம் அணியின் கண்ணுக்குப் பட்ட பகுதி மட்டுமே திரையில் தெரியும். எதிரி மறைந்திருக்கும் இடம் இருட்டாக இருக்கும். ஆனால் பார்வையாளர்களின் திரையிலோ இரு தரப்பும் ஒருசேரத் தெரிகின்றன. பதுங்கியிருக்கும் எதிரியை நோக்கி ஒருவர் அறியாமல் நடந்து போகும்போது, நமக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாது. கூட்டம் தன்னை மறந்து மூச்சை உள்ளிழுக்கும். அந்த ஓசையே வீரருக்கு எச்சரிக்கையாகிவிடக்கூடும் அல்லவா? ‘ஸ்டார்கிராஃப்ட்’ என்ற பழைய கணினி விளையாட்டின் காலத்திலேயே கொரியர்கள் இதற்கு ‘க்வீமேப்’ என்று ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். ‘க்வீ’ என்றால் காது, ‘மேப்’ என்பது வரைபடம். காதால் பார்க்கும் வரைபடம் என்று பொருள்படும் அந்தச் சொல், ஏறக்குறைய ஏமாற்று வேலைக்குச் சமமான ஒன்றைக் குறித்தது. அதைத் தடுக்கத்தான் வீரர்களை ஒலிபுகாக் கண்ணாடி அறைகளுக்குள் உட்கார வைக்கும் வழக்கம் வந்தது. இப்போது காதுக்குள் செருகும் ஒலிப்பானின் மேல், இடைவிடாத இரைச்சலை எழுப்பி வெளியோசையை மூடும் பெரிய ஹெட்ஃபோனையும் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த உள்ளிழுக்கும் மூச்சு நானூறு பேரிடமிருந்து ஒரே கணத்தில் எழும்போது உடம்பு சிலிர்க்கும். வீட்டுத் திரையில் வர்ணனையாளரின் குரலுக்குப் பின்னால் அது காணாமல் போய்விடுகிறது.

ஆனால் டிசம்பர் வேண்டாம். அப்போது லீக்கே இருக்காது. உங்கள் மகன் பூட்டிய வாசலைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவான். 2025 முதல் ஜனவரியில் எல்சிகே கோப்பைப் போட்டி தொடங்குகிறது. தேர்வு முடிவு வந்த பிறகு தொடக்கக் கல்லூரியோ பலதுறைத் தொழிற்கல்லூரியோ திறப்பதற்கு முன் கிடைக்கும் இடைவெளி அதற்குப் பொருந்திவரும். ஜூன் விடுமுறையிலும் கவனம் தேவை. அந்தச் சமயத்தில் அனைத்துலகப் போட்டிக்காக உள்நாட்டு லீக் நிறுத்தி வைக்கப்படுவது உண்டு. ஆகவே முதலில் ஆட்ட அட்டவணை, பிறகு விமானச் சீட்டு என்ற வரிசையை மாற்றாதீர்கள். ஜனவரியில் சோலின் குளிர் உறைநிலைக்குக் கீழே போகும். நம் ஊர்க் குளிர்சாதன அறைக்குப் போடும் மேலங்கி அதற்கு ஈடுகொடுக்காது.

கேள்வி: அக்கா, வணக்கம். நுழைவுச்சீட்டு எப்படி வாங்குவது? கொரியத் தொலைபேசி எண் கேட்கிறார்கள் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். டி1 அணியின் ஆட்டத்துக்குச் சீட்டு கிடைக்கவே கிடைக்காது என்கிறார்களே?
– பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர், ஜூரோங்

பதில்: தம்பி, நண்பர்கள் சொன்னதில் பாதி உண்மை. எல்சிகே சீட்டுகள் பல ஆண்டுகளாக இன்டர்பார்க் என்ற இணையத்தளத்தின் வழியாக விற்கப்பட்டு வந்தன. அதன் கொரியப் பக்கத்தில் அடையாளத்தைச் சரிபார்க்க உள்ளூர்த் தொலைபேசி எண் தேவைப்படும். வெளிநாட்டவருக்கென்று ஆங்கிலத்தில் இயங்கும் தனிப் பக்கம் உண்டு. அங்கே கடப்பிதழில் உள்ள பெயரைக் கொடுத்து, நம் ஊர்க் கடன் அட்டையாலேயே பணம் கட்டலாம். விற்பனை ஏற்பாடுகள் பருவத்துக்குப் பருவம் மாறுவதால், எந்தத் தளம், எந்த நாள், எத்தனை மணி என்பதை எல்சிகேயின் அதிகாரபூர்வ அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். கொரிய நேரம் நமக்கு ஒரு மணி நேரம் முந்தியது என்பதை மறந்து சீட்டைத் தவறவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

டி1 ஆட்டங்களுக்குச் சீட்டு கிடைப்பது கடினம்தான். ‘ஃபேக்கர்’ என்ற பெயரில் ஆடும் லீ சாங்-ஹியோக் 2013ஆம் ஆண்டிலிருந்து அதே அணிக்கு ஆடி வருகிறார். அவரைக் காணவே கூட்டம் அலைமோதும். இருந்தாலும் விற்றுத் தீர்ந்துவிட்டதே என்று உடனே கைவிட வேண்டாம். ரத்து செய்யப்படும் இருக்கைகள் மீண்டும் விற்பனைக்கு வரும். அவற்றைக் காத்திருந்து பிடிப்பதற்குக் கொரிய இளையர்கள் ‘ச்வீகெத்திங்’ என்று தனியாக ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். அதுவும் கைகூடாவிட்டால் வேறு இரு அணிகளின் ஆட்டத்துக்குப் போங்கள். வாரநாள் மாலையில், பெயர் பெறாத அணிகள் மோதும்போதுதான் ரசிகர் கூட்டத்தை நிதானமாகக் கவனிக்க முடிந்தது என்பது என் அனுபவம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: முன்பின் தெரியாதவரிடம் சீட்டு வாங்காதீர்கள். இரண்டாவது பயணத்தில் நான் அந்தத் தவற்றைச் செய்தேன். சமூக ஊடகக் குழு ஒன்றில் அறிமுகமான ஒருவருக்கு இருமடங்கு விலை கொடுத்துச் சீட்டு வாங்கினேன். வாயிலில் கடப்பிதழைக் கேட்டார்கள். சீட்டில் இருந்தது வேறு பெயர். ஊழியர் மிகுந்த பணிவோடு மன்னிப்புக் கேட்டார், ஆனால் உள்ளே விடவில்லை. நானும் என் அண்ணன் மகனும் அடுத்த தெருவில், பணம் கட்டிக் கணினியில் விளையாடும் ஒரு கடையில் உட்கார்ந்து, கூப்பிடு தூரத்தில் நடந்துகொண்டிருந்த ஆட்டத்தைத் திரையில் பார்த்தோம். விமானம் ஏறி ஆறரை மணி நேரம் பறந்து போய்ச் செய்த காரியம் அது.

இடத்துக்குப் போவது எளிது. இஞ்சோன் விமான நிலையத்திலிருந்து விமான நிலைய ரயிலில் சோல் நிலையம், அங்கிருந்து முதலாம் தடத்தில் இரண்டாவது நிறுத்தம் ஜோங்கக். டி-மணி என்ற பயண அட்டை நம் ஈஸி-லிங்க் அட்டையைப் போன்றது. கூகல் வரைபடம் அங்கே நடைவழி காட்டுவதில் நம்பகமானதன்று; நேவர் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாற்காலியில் உட்கார்ந்து விரல்களை அசைப்பதை விளையாட்டு என்று அழைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கொரியர்களுக்கு மட்டும் ஏன் இந்தப் பித்து?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், ஈசூன்

பதில்: ஐயா, சதுரங்கத்தை நீங்கள் விளையாட்டு என்று ஏற்பவராக இருந்தால் நம்மிடையே பெரிய வேறுபாடு இல்லை. பெயரைப் பற்றிய விவாதத்தை ஓரளவுக்கு அதிகாரபூர்வ அமைப்புகளே முடித்துவைத்துவிட்டன. 2019இல் பிலிப்பீன்சில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுகளிலும், 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுகளிலும் மின்விளையாட்டுக்குப் பதக்கம் வழங்கப்பட்டது. ஹாங்சோவில் ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ தங்கத்தை வென்ற கொரிய அணியினருக்கு, மற்ற ஆசிய விளையாட்டுத் தங்க வீரர்களுக்குக் கிடைப்பதைப் போலவே, கட்டாய ராணுவச் சேவையில் விலக்கும் கிடைத்தது.

உங்கள் இரண்டாவது கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. 1997ஆம் ஆண்டின் ஆசிய நிதி நெருக்கடியில் கொரியாவில் ஏராளமானோர் வேலை இழந்தார்கள். அப்படி வேலை இழந்தவர்களில் பலர் கையில் இருந்த பணத்தைப் போட்டு ‘பிசி பாங்’ எனப்படும் கணினிக் கடைகளைத் திறந்தார்கள். அரசாங்கமும் அதே காலத்தில் அதிவேக இணையத்தை நாடெங்கும் பரப்பியது. 1998இல் ‘ஸ்டார்கிராஃப்ட்’ வெளிவந்தபோது, அதை ஆடுவதற்கான இடமும் இணைப்பும் நேரமும் இளையர்களிடம் இருந்தன. 2000ஆம் ஆண்டில் கணினி விளையாட்டுக்கென்றே ஆங்கேம்நெட் என்ற தொலைக்காட்சி ஒளிவழி வந்தது. அதே ஆண்டில் கெஸ்பா எனப்படும் கொரிய மின்விளையாட்டுச் சங்கமும் உருவானது. ஆக, பித்து என்று நீங்கள் சொல்வதற்கு அடியில் ஒரு நாட்டின் பொருளாதாரத் துயரமும் அதிலிருந்து மீண்ட கதையும் இருக்கின்றன.

அதன் பிறகு அரங்குகள் ஒவ்வொன்றாக வந்தன. 2004இல் பூசானின் குவாங்கல்லி கடற்கரையில் மேடை போட்டு நடத்திய ‘ஸ்டார்கிராஃப்ட்’ இறுதி ஆட்டத்துக்கு ஒரு லட்சம் பேர் திரண்டதாக அப்போது செய்திகள் கூறின. 2005இல் சோலின் யோங்சானில், கடைத்தொகுதி ஒன்றுக்குள் மின்விளையாட்டுக்கென்றே நிரந்தர அரங்கு அமைந்தது. 2014இல் ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ உலகப் போட்டியின் இறுதி ஆட்டம், 2002 உலகக் கிண்ணக் காற்பந்துக்காகக் கட்டிய சோல் விளையாட்டரங்கிலேயே நடைபெற்றது. 2023இல் டி1 அணி சீனாவின் வெய்போ கேமிங் அணியை 3-0 என வென்ற இறுதி ஆட்டம் கோச்சோக் ஸ்கை டோம் என்ற பேஸ்பால் அரங்கில் நடந்தது. உள்ளே இடம் கிடைக்காத ஆயிரக்கணக்கானோர் நவம்பர்க் குளிரில் குவாங்வாமுன் சதுக்கத்தில் பெரிய திரைக்கு முன்னால் அமர்ந்து பார்த்தார்கள். சோலுக்கு ஒருமுறை சென்று அந்தக் கூட்டத்தின் நடுவே உட்கார்ந்து பாருங்கள், ஐயா; வயதில் மூத்தவர்களையும் அங்கே காண்பீர்கள். ‘ஸ்டார்கிராஃப்ட்’ காலத்து இளையர்கள் இன்று பிள்ளைகளோடு வருகிறார்கள்.

கேள்வி: நான் பேப்பர் ரெக்ஸ் ரசிகை. நம் சிங்கப்பூர் அணி சோலில் ஆடும் ‘வெலொரண்ட்’ என்ற கணினி ஆட்டத்துக்கு இரு தோழியரோடு போகிறேன். சுற்றிலும் கொரிய அணியின் ரசிகர்கள் இருப்பார்கள். சத்தம் போட்டு ஆதரிக்கலாமா? அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும்?
– வாசகி, செங்காங்

பதில்: தாராளமாக ஆதரிக்கலாம். ‘வெலொரண்ட்’ பசிபிக் லீக் 2023இல் சோலின் சங்காம் வட்டாரத்தில் உள்ள கொலோசியம் அரங்கில் தொடங்கியது. முதல் பருவத்திலேயே கொரியாவின் டிஆர்எக்ஸ் அணியை அதன் சொந்த மண்ணில் 3-2 என வென்று கிண்ணத்தைத் தூக்கியது உங்கள் அணிதான். அந்த அணியில் இந்தோனீசியரும் மலேசியரும் நம்மவரும் சேர்ந்து ஆடுவதால், அரங்கில் நம் வட்டாரத்து மொழிகள் பலவும் காதில் விழும். தனியாக இருக்க மாட்டீர்கள்.

நடந்துகொள்ளும் முறையில்தான் நம் பழக்கத்துக்கும் அவர்கள் பழக்கத்துக்கும் வேறுபாடு உண்டு. 2022 அக்டோபரில் ‘டோட்டா 2’ உலகப் போட்டியான ‘தி இன்டர்நேஷனல்’ முதன்முறையாகத் தென்கிழக்காசியாவுக்கு வந்து நம் உள்விளையாட்டரங்கில் நடந்தபோது, யார் எப்போது வேண்டுமானாலும் கத்தினார்கள். அதுவும் ஓர் அழகுதான். சோலில் ஆதரவுக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஆட்டம் தொடங்குவதற்குச் சற்றுமுன் ஒரு ரசிகர் ‘ஹனா, துல், செத்’ என்று ஒன்று இரண்டு மூன்று எண்ணுவார். உடனே எல்லாரும் ஒரே குரலில் அணியின் பெயரைச் சொல்லி ‘ஹ்வைத்திங்!’ என்று முழங்குவார்கள். அடுத்து எதிரணி ரசிகர்களின் முறை. அவர்கள் எண்ணத் தொடங்கியதும் இவர்கள் அமைதியாகிவிடுவார்கள். அந்த அமைதியைக் கெடுத்துவிடாதீர்கள்.

ஆட்டம் நடக்கும்போது வீரரை நோக்கி எதையும் அறிவிப்பதுபோலக் கத்தக் கூடாது என்பதை மேலே சொன்ன ‘க்வீமேப்’ விளக்கத்திலிருந்தே புரிந்துகொண்டிருப்பீர்கள். படம் எடுக்கும்போது ஒளிவீச்சு வேண்டாம். பின்னால் இருப்பவரின் பார்வையை மறைக்கும்படி, ஆதரவு வாசகம் எழுதிய பலகையை ஆட்டம் முழுவதும் தூக்கிப் பிடிக்கக் கூடாது. இடைவேளையிலும் வெற்றியின்போதும் உயர்த்தினால் போதும். தோற்ற அணி எழுந்து பார்வையாளர்களை நோக்கித் தலைவணங்கும். உங்கள் அணி வென்ற நாளாக இருந்தாலும் அந்த ஒரு நிமிடத்துக்குக் கைதட்டுங்கள். நான் பார்த்த ஆட்டம் ஒன்றில், தோற்ற அணியின் ரசிகையான ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி எனக்கு அடுத்த இருக்கையில் இருந்தார். வீரர்கள் வணங்கி முடிக்கும்வரை கைதட்டிவிட்டு, தாம் வரைந்து கொண்டுவந்த தாளை ஓரம் மடங்காமல் ஒரு நெகிழி உறைக்குள் செருகி, பைக்குள் வைத்தார். அதன் பிறகுதான் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

கேள்வி: சைவ உணவு கிடைக்குமா?
– வாசகர், சிராங்கூன்

பதில்: தேடினால் கிடைக்கும், தேடாமல் கிடைக்காது. கிம்ச்சியில் பெரும்பாலும் மீன் அல்லது இறால் ஊறல் சேர்ந்திருக்கும். காய்கறிக் குழம்புபோலத் தெரிவதன் சாறு நெத்திலியில் கொதித்ததாக இருக்கலாம். லோல் பார்க்கிலிருந்து நடக்கும் தூரத்தில் ஜோக்யெசா என்ற பௌத்தக் கோயில் இருக்கிறது. அதன் சுற்றுவட்டாரத்திலும் இன்சாதோங் தெருவிலும் கோயில் முறைச் சமையல் பரிமாறும் உணவகங்கள் உள்ளன. இறைச்சியும் மீனும் மட்டுமன்றி வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்க்க மாட்டார்கள். இந்திய உணவுக்கு இத்தேவோன் பக்கம் போகலாம். ஆட்டம் முடிந்து வெளியே வரும் நேரத்தில் இவற்றில் பல மூடியிருக்கும் என்பதால் முன்கூட்டியே சாப்பிட்டுவிடுங்கள்.

கேள்வி: நான் முழுநேரத் தேசிய சேவையில் இருக்கிறேன். விடுப்பில் போய்வரலாமா?
– சேவையாளர், உட்லண்ட்ஸ்

பதில்: உங்கள் பிரிவில் வெளிநாட்டுப் பயணத்துக்கு அனுமதி பெற்ற பிறகு மட்டுமே சீட்டு வாங்குங்கள், தம்பி. பேப்பர் ரெக்ஸின் ‘ஜிங்’ என்ற நம் ஊர் வீரரும் 2023இன் இறுதியில் தேசிய சேவைக்காக ஆட்டத்தை விட்டு ஒதுங்கி, அடுத்த ஆண்டு அணிக்குத் திரும்பியவர்தாம். கொரிய வீரர்களுக்கும் ராணுவச் சேவை உண்டென்பதால், உங்கள் நிலையைச் சொன்னால் அங்குள்ள ரசிகர்கள் விளக்கம் கேட்காமலே புரிந்துகொள்வார்கள்.

கேள்வி: ஆட்டம் முடிந்ததும் பிசி பாங்கில் இரவைக் கழிக்கலாம் என்கிறான் என் தம்பி. அவனுக்கு வயது 16.
– வாசகி, புக்கிட் பாஞ்சாங்

பதில்: முடியாது. பெற்றோரோ பாதுகாவலரோ உடன் இல்லாத இளவயதினர் இரவு 10 மணி முதல் காலை 9 மணிவரை பிசி பாங்கில் இருக்கக் கொரியச் சட்டம் அனுமதிப்பதில்லை. பகலில் அழைத்துப் போங்கள். இருக்கையில் இருந்தபடியே ராம்யோன் எனும் கொரிய உடனடி நூடல்ஸை வரவழைத்துச் சாப்பிடுவது அவனுக்கு ஆட்டத்துக்கு இணையான நினைவாகும்.

கேள்வி: ரசிகர்கள் கையில் பிடிக்கும் பலகைகளைப் படங்களில் பார்த்தேன். அதில் தமிழில் எழுதிக் கொண்டுபோனால் தவறாக நினைப்பார்களா?
– உயர்நிலை மூன்று மாணவி, பொங்கோல்

பதில்: அந்தப் பலகைக்குக் கொரியர்கள் ‘சியொபுல்’ என்று பெயர் சொல்வார்கள். ‘ஸ்டார்கிராஃப்ட்’ காலத்திலிருந்தே இருக்கும் வழக்கம் அது. லோல் பார்க்கில் நான் பார்த்தபோது, நுழைவுப் பகுதியில் வெள்ளைத் தாள்களையும் வண்ணப் பேனாக்களையும் வைத்திருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகளும் அலுவலக உடையில் வந்தவர்களும் தரையில் மண்டியிட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். யாரையும் இழிவுபடுத்தாத எந்த மொழியையும் அங்கே வரவேற்கிறார்கள்.

மூன்றாவது பயணத்தில் நானும் ஒரு தாளை எடுத்து, ‘அஞ்சாதே, ஆடு’ என்று பெரிய எழுத்தில் எழுதினேன். பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த மாணவி என் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலியில் என்ன மொழி என்று கேட்டாள். சொன்னேன். ‘ஆ’ என்ற எழுத்தின் சுழியைத் தன் தாளின் ஓரத்தில் மூன்று முறை எழுதிப் பார்த்தாள். மூன்றாவது முறை சரியாக வந்தது. பதிலுக்கு, எனக்குப் பிடித்த வீரரின் பெயரைக் கொரிய எழுத்தில் என் வாசகத்துக்குக் கீழே அவளே எழுதிக் கொடுத்தாள். தடித்த கறுப்புப் பேனாவைக் கொண்டுபோங்கள். தமிழ் எழுத்தின் வளைவுகள் மெல்லிய கோட்டில் எழுதினால் தூரத்துக்குத் தெரிவதில்லை.